இறுகிப்போன எஞ்சின்

"இதை எஞ்சின்னு நினைச்சீங்களா, பேப்பர் வெயிட்னு நினைச்சீங்களா?" மெக்கானிக்கம்மா போட்ட சத்தத்தில் பெரியவர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். அங்கே எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மேஜையில் விரித்த செய்தித்தாள்மேல், எலுமிச்சம்பழ அளவில், மாதிரி விமானத்தின் எஞ்சின் ஒன்று கிடந்தது. எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெய் உள்ளே பிசினாக இறுகியதில் ப்ரொப்பெல்லர் இம்மிகூட அசையவில்லை.

"விமானத்தை இறக்கினதும் மிச்ச எரிபொருளை ஓட்டித் தீர்த்துடணும். அப்புறம் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, ப்ரொப்பெல்லரைக் கையால சுத்தி வைக்கணும். இதுகூடத் தெரியாம எதுக்கு உங்களுக்கு விமானம்?"

"தப்புதாங்க."

"விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி முழிக்காதீங்க. அந்த..." அவள் கேட்டு முடிக்குமுன் ஹேர் டிரையரை நீட்டினார் பெரியவர். அடுத்து பிளக் கழற்றும் ஸ்பேனர், அதற்கடுத்து எண்ணெய். எல்லாம் அவருடைய பையிலிருந்தே வந்தன.

சூட்டில் பிசின் இளகியது. அவள் அவசரப்படவில்லை, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ப்ரொப்பெல்லரைத் தாஜா செய்தாள். பெரியவர் எஞ்சினைப் பார்க்கவேயில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார். வாரம் முழுக்க அவரிடம் நேரில் நாலு வார்த்தை பேச வேறு ஆள் கிடையாது.

"வீட்டுல எடுத்துச் சொல்ல யாரும் இல்லையா?"

"தனியாத்தான் இருக்கேங்க."

"உங்களோட எவ குப்பை கொட்டுவா!" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் இரண்டு பஸ் மாறி வருவது.

'டொப்' என்று ஒரு சத்தம், ப்ரொப்பெல்லர் சுற்றிக்கொண்டது. அவள் எஞ்சினைக் காதருகே வைத்துக் கேட்டாள். "நல்ல எஞ்சின். வச்சிருக்கிற ஆள்தான் சரியில்ல. இன்னொரு தடவை இப்படிக் கொண்டுவந்தா தொடமாட்டேன். வராதீங்க."

ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டிருந்த பெரியவரின் கை அப்படியே நின்றது. போன வாரமும் இதையேதான் சொன்னாள் என்பது நினைவுக்கு வந்ததும் மூச்சு வந்தது. இதற்கெல்லாம் நிம்மதிப்பட வேண்டியிருக்கிறதே என்று நினைத்தபடி எஞ்சினைப் பையில் வைத்தார்.

"போய்ட்டு வரேங்க," என்றார். இல்லத்துப் பணிப்பெண் ஒருத்தி பூட்டியிருந்த கதவைத் திறந்துவிட்டாள்.

வழியில் ஒரு புட்டி விளக்கெண்ணெய் வாங்கினார். இன்றைக்கே எஞ்சினுக்குள் ஊற்றிச் சூடு காட்டி ஆறவிட்டால்தான், அடுத்த வாரத்துக்குள் நன்றாக இறுகும்.

பஸ் நிறுத்தத்தில் போன் அடித்தது. தூரத்திலிருக்கும் மகள்.

"அப்பா, இன்னைக்காவது அம்மாவுக்கு உங்களை அடையாளம் தெரிஞ்சுதா?"