ரெண்டாவது வைரஸ்

"சொல்லுடா, யாரு அந்தப் பொண்ணு?"

டாக்டர் குமுதினி எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல், ஷ்யாமளா தம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

தம்பி முகுந்துக்கு இருபத்தைந்து வயது. ஃப்ரீமான்ட்டில் அக்கா வீட்டில் தங்கி வேலை பார்க்கிறான். ஒரு வாரத்துக்கு மேலாகக் காய்ச்சல். முதலில் பார்த்த இடத்தில் ஃப்ளூ என்று மாத்திரை கொடுத்தார்கள். கழுத்தில் நெல்லிக்காய் சைஸுக்கு நெறி கட்டியதுதான் மிச்சம்.

"அவை சொன்னது பிழையில்லை," என்றார் டாக்டர், யாழ்ப்பாணத் தமிழில். "ஃப்ளூ இருந்ததுதான். ஒண்டு கிடைச்சவுடன தேடுறதை நிப்பாட்டிட்டினம். ரத்தத்தில இன்னொரு வைரஸும் இருக்கு. மோனோ. எச்சிலால பரவும். இஞ்ச அதுக்கு 'கிஸ்ஸிங் டிசீஸ்' எண்டு பேர்."

அந்தப் பேர்தான் ஷ்யாமளாவைக் கிளப்பிவிட்டது.

"எப்போ ஒட்டியிருக்கும் டாக்டர்?"

"ஒரு மாசம், ஒன்றரை மாசத்துக்கு முந்தி."

"அப்போதானேடா ஆபீஸ்ல டாஹோ கூட்டிட்டுப் போனாங்க? பனியில விளையாடினேன்னியே, இதான் அந்த விளையாட்டா?"

"அக்கா, தொண்டை வலிக்குது..."

"இப்ப வலிக்கும்!"

"தண்ணிப் போத்தல் மாறிக் குடிச்சாலும் வரும்," என்றார் டாக்டர்.

"இவனா? எங்க வீட்ல யாரும் வாய் வெச்சுக் குடிக்க மாட்டோம் டாக்டர். அண்ணாந்துதான். இது வேற வழியில வந்தது!"

டாக்டர் மாஸ்க்குக்குள் சிரித்தது தோளில் தெரிந்தது.

"தை பிறந்ததும் சான் ஹோசேலருந்து மானஸா வீட்ல உன்னைப் பார்க்க வர்றாங்க. அந்தப் பொண்ணு போட்டோவைப் பார்த்து நாள் பூரா இளிச்சியேடா! மனசுல ஒருத்தியை வெச்சுக்கிட்டு இன்னொருத்தியை ஏமாத்தலாமா? வர வேண்டாம்னு இப்பவே சொல்லிடறேன்."

போனை எடுத்தேவிட்டாள்.

முகுந்த் பாய்ந்து அதைப் பிடுங்கினான். "அக்கா, காரியத்தைக் கெடுத்துடாதே! சொல்லிடறேன். சுஹாஸ்!"

"நம்ம சுஹாஸா? ரெண்டு வயசுப் பிள்ளையை ஏன்டா இழுக்கறே?"

டாக்டர் நிமிர்ந்தார். "உங்கட மகனோ? டேகேருக்குப் போறவனோ? அப்ப இருக்கலாம். சின்னப் பிள்ளையளுக்கு இது வந்து போறதே தெரியாது."

"அவன் எச்சில் இவன் வாய்க்கு எப்படி டாக்டர் போகும்?"

"நீ சோத்தைப் பிசைஞ்சு என்கிட்டக் குடுத்துட்டு மீட்டிங்ல உக்காந்துடுவே," என்றான் முகுந்த். "அவன் ஒவ்வொரு வாயா மென்னு, தட்டுலயே துப்புவான்."

"பொய்! தினமும் தட்டு காலியாத்தானே வருது?"

முகுந்த் வீங்கின கழுத்தைத் தடவிக்கொண்டான்.

"'என் சமையலைப் பெத்த பிள்ளையே துப்பறான்'னு ஒரு நாள் உக்காந்து அழுதியேக்கா... அன்னிலருந்து காலி பண்றது நான்தான்."