இரண்டாம் நம்பர் காரின் கிளச்

மெக்கானிக் பழைய செய்தித்தாளை விரித்து, கருகிப்போன கிளச் பிளேட்டை மேஜை மேல் வைத்தார். அறை முழுக்கத் தீய்ந்த வாடை.

"இது மூணாவது பிளேட்டு, அக்கா. அதே ரெண்டாம் நம்பர் கார்தான்."

டிரைவிங் ஸ்கூலை நடத்துகிற அக்கா ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். இரண்டு கார்கள். ஒரே நாளில் வாங்கியவை, ஒரே மாடல், ஒரே நிறம். ஒன்றாம் நம்பரில் பெரிய மாஸ்டர் கற்றுக்கொடுக்கிறார். மூன்று வருஷமாக, கம்பெனியில் போட்டுக் கொடுத்த அதே பிளேட் ஓடுகிறது. இரண்டாம் நம்பரில் சின்ன மாஸ்டர். பேரில்தான் சின்னது, வயது நாற்பத்தெட்டு.

சின்ன மாஸ்டரைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், நீங்க கார்ல என்னதான் பண்றீங்க?"

"கத்துக் குடுக்கிறேன்க்கா."

"அவரும் அதைத்தானே பண்றார்?"

சின்ன மாஸ்டர் பதில் சொல்ல வாயெடுத்தார். வெளியே பெரிய மாஸ்டர் தன் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் எடுத்த வாயை மூடிக்கொண்டார். இனிமேல் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

போன பிளேட்டுக்கும் இதையேதான் சொன்னார். அக்கா முடிவாகச் சொல்லிவிட்டார்: ஒன்றாம் தேதியிலிருந்து கார் வேண்டாம், ஆபீஸில் உட்கார்ந்து லைசென்ஸ் விண்ணப்பங்களைப் பூர்த்தி செய்தால் போதும்.

இருபது வருஷம் மாஸ்டர் சீட்டிலேயே இருந்த மனுஷர். டீ குடிப்பதுகூடக் கார் கதவில் சாய்ந்துகொண்டுதான். முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் கெஞ்சவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார். தன்னிடம் கற்றுக்கொள்ளும் லைப்ரரி மேடத்துக்கு இன்னும் நாலு நாள் பாக்கி இருக்கிறது, மேட்டில் ஏற்றும் பயம் இப்போதுதான் தெளிகிறது, அதை மட்டும் முடித்துவிடட்டுமா?

அக்கா தலையாட்டினார்.

சனிக்கிழமைக் கூட்டத்தில், கிளச்சைக் காப்பாற்றுவது எப்படி என்று பெரிய மாஸ்டரைப் பேசச் சொன்னார். கியர் மாற்றியதும் காலை எடுத்துவிட வேண்டும், கிளச் என்ன கால்மணையா என்று ஆரம்பித்தார் அவர். மேட்டில் நிற்கும்போது கிளச்சைப் பாதி மிதித்தபடி, ஹாஃப் கிளச்சில் வண்டியைத் தொங்கவிடாமல் ஹேண்ட் பிரேக்கைப் போட வேண்டும் என்றார். ஒரு வார்த்தை தப்பில்லை. சின்ன மாஸ்டர்தான் முதலில் கைதட்டினார். பெரிய மாஸ்டர் ஏனோ அவர் முகத்தைப் பார்க்காமலே உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தங்கை வந்தாள். பெரிய மாஸ்டரிடம் கற்றவள். முதல் டெஸ்டிலேயே பாஸ். லைசென்ஸ் கைக்கு வந்து பத்து நாள்தான் ஆகிறது. உன் காரைக் கொடு, உன்னையே உட்கார வைத்து ஒரு ரவுண்டு போகிறேன் என்று சாவியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டாள்.

தெருமுனை திரும்புவதற்குள் நாலு தடவை வண்டி ஆஃப் ஆனது. பாலத்து ஏற்றத்தில் அடியோடு நின்றுவிட்டது. பின்னால் ஒரு பஸ் ஹாரனாலேயே திட்டிக்கொண்டிருந்தது.

"கிளச்சை மெதுவா விடுடி."

"உன் காரு சரியில்லக்கா. மாஸ்டர் கார்ல நான் விடவே மாட்டேன். அதுவா மேல வரும்."

"அதுவான்னா?"

"அதுவாத்தான். என் கால் சும்மா அது மேல இருக்கும். ஸ்டியரிங்கைப் பாருங்கம்மா, கிளச்சைப் பத்திக் கவலைப்படாதீங்கன்னு சொல்லிட்டாரு. டெஸ்ட் அன்னிக்கும் பக்கத்துலதானே உக்காந்திருந்தாரு."

அக்காவுக்குச் சுரீரென்றது. கற்றுக்கொடுக்கும் காரில் மாஸ்டர் பக்கமும் ஒரு கிளச், ஒரு பிரேக் உண்டு. ஆபத்து அவசரத்துக்கு. ஒன்றாம் நம்பர் காரிலோ மூன்று வருஷமாகக் கிளச்சை மிதித்ததெல்லாம் பெரிய மாஸ்டரின் கைதேர்ந்த ஒரே ஒரு கால். பிளேட் எப்படித் தேயும்?

தங்கையை இந்தப் பக்கம் மாறி உட்காரச் சொல்லிவிட்டு, அக்காவே காரை மேட்டில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

திங்கட்கிழமை, லைப்ரரி மேடத்தை இறக்கிவிட்டு வந்த சின்ன மாஸ்டரைக் கூப்பிட்டார். ஆபீஸ் வேலை வேண்டாம், காரிலேயே இருங்கள் என்றார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. காரணம் புரியாமல் நின்றார்.

"வண்டியில நீங்க காலை எங்க வச்சிருப்பீங்க மாஸ்டர்?"

"ஒரு கால் பிரேக் பக்கத்துல இருக்கும்க்கா. இன்னொண்ணை சீட்டுக்கு அடியில மடக்கிப்பேன். கிளச் கத்துக்கிறவங்களோடது."

"பெரிய மாஸ்டர் பண்றது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"சொன்னா அவரை இறக்கிவிட்டிருப்பீங்க."

"பின்னே? கத்துக் குடுக்காமலே பாஸ் பண்ண வச்சு அனுப்பியிருக்கார். அவரை வச்சுக் கொஞ்சச் சொல்றீங்களா?"

சின்ன மாஸ்டர் சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினார்.

"பழைய கார் இருந்தப்போ அவர் பிளேட் என்னோடதை விடச் சீக்கிரம் போகும்க்கா. கத்துக்கிறவங்களை அவ்வளவு பொறுமையா விட்டுப் பிடிப்பார். இன்னொரு பிளேட் போச்சுன்னா வேலையை விட்டு நின்னுடுங்கன்னு ஒரு நாள் நீங்க அவர்கிட்ட சொன்னீங்க. மறுநாள்லேர்ந்துதான் அவர் அந்தக் கிளச்சுல கால் வச்சார்."