கையால் இடித்த சத்துமாவு

கரண்டி குழந்தையின் வாய்க்குப் பாதி வழியில் இருந்தது.

கைபேசியைப் பிடித்திருந்த கணவன் தும்மினான்.

நேரலையில் ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிரிப்பைக் கலைக்காமல் அவனை முறைத்தாள்.

அவன் மைக்கைக் கட்டைவிரலால் மூடினான்.

"நேத்து மில்லுல பிடிச்ச தும்மல், இன்னும் விடல. நமக்கு முன்னாடி ஒரு அம்மா காஞ்ச மிளகா அரைச்சிட்டுப் போச்சு. அதே மெஷின்லதான் இதையும் போட்டான்."

விரலை எடுத்துவிட்டான்.

மில்லில் பையை இறக்கும் முன்பே கேட்க வேண்டும், முன்னாடி என்ன போட்டீங்க என்று. மிளகாய் என்றால் முதலில் கொஞ்சம் அரிசியை ஓட்டிவிட்டுத்தான் நம் மாவு. அவனுக்கு அதெல்லாம் தெரியாது. அவளே போயிருக்கலாம்.

மில் வாசலில் யாராவது பார்த்துவிட்டால்?

முளைகட்டி, நிழலில் உலர்த்தி, வறுத்து, எல்லாம் தன் கையால் உரலில் இடித்தது என்று இப்போதுதான் சொல்லி முடித்திருந்தாள்.

உரல் பின்னால் இருந்தது. மஞ்சள் பூசி, பொட்டு வைத்து.

உலக்கை இன்னும் கூரியரில் வந்து சேரவில்லை.

குழந்தை வாயைத் திறந்தபடி காத்திருந்தது. கீழே இரண்டு பல்.

கஞ்சியிலிருந்து ஆவி வந்தது. வெல்ல வாசம். அதற்கடியில் வேறு ஏதோ.

கரண்டி திரும்பியது.

அவள் வாய்க்கு.

முதலில் ஒன்றுமில்லை.

பிறகு தொண்டை. பிறகு காது.

கண்ணில் நீர் முட்டி மை கரைந்தது.

திரையில் இதயங்கள் ஏறின. 'அழாதீங்கக்கா.' 'இதான் தாய்மை.' 'உங்க அம்மா ஞாபகம் வந்துருச்சா?'

குழந்தை கிண்ணத்தை எட்டிப் பிடித்தது. அவள் அதைப் பிடுங்கி, மடமடவென்று குடித்து முடித்தாள்.

குழந்தை வீறிட்டது.

'ஐயோ, பிள்ளைக்கு எவ்வளவு பிடிச்சிருக்கு பாருங்க!'

அதன்பின் ஒரு கேள்வி வந்து நின்றது.

'என் பாப்பாவுக்கு எட்டு மாசம்க்கா. உங்க மாவு விலைக்குக் கிடைக்குமா?'

சமையல் மேடைமேல் டப்பா. விளிம்புவரை மாவு.

கணவன் திரையைப் படித்துவிட்டு அவளைப் பார்த்தான்.



புன்னகைத்தபடி, ஆமென்று தலையாட்டினாள்.