வெட்டுக்கிளி கொண்டுவரும் பூனை

வேலியோரம் தனியாகத் திரிந்த மைனாவுக்குத் தவிட்டுக்குருவிக் கூட்டத்தில் சேரக் கொள்ளை ஆசை.

"தாராளமா வா. பூனையைக் கண்டா கத்தணும், அது ஒண்ணுதான் நம்ம கட்டுப்பாடு," என்றன குருவிகள்.

சங்கதி பூனைக்கும் எட்டியது. அது கோபித்துக்கொள்ளவில்லை. தினமும் கொழுத்த வெட்டுக்கிளி ஒன்றைக் கவ்விவந்து மைனாவின் முன்னால் வைத்தது.

"யாரோட வேணும்னாலும் சேர்ந்துக்கோ கண்ணு. நான் குறுக்கே நிக்கப்போறதில்ல," என்று சொல்லிவிட்டுப் போகும்.

சேரும் நாளன்று மைனாவைக் காவல் கிளையில் உட்காரவைத்துவிட்டு, குருவிகள் கீழே இறங்கி நிம்மதியாகச் சருகைக் கிளறின.

புல்லுக்குள் பூனை வருவதை மைனா பார்த்தது. கத்துவதற்கு அலகைத் திறந்தும்விட்டது. 'நமக்குத் தீனி கொண்டுவர்ற ஆளைப் பார்த்துக் கத்தினா நல்லாவா இருக்கும்?' என்று மூடிக்கொண்டது.

பூனை கிளையைத் தாண்டிக் குருவிகள் பக்கம் போனபோதுதான் மைனா கவனித்தது. அதன் வாயில் இன்று எதுவும் இல்லை.