பொத்தான் எக்காளம்

லியோ வாண்டென்பெர்க்கின் சவப்பெட்டி கல்லறைத் தோட்டத்துக்கு வந்துவிட்டது. விஸ்கான்சினின் அந்தச் சிற்றூருக்கு வந்து ஒரு வாரமே ஆன ஃபாதர் ஷ்ரோடர், முன்னாள் படைவீரர் சங்கத்து டெல்பர்ட்டின் கையிலிருந்த எக்காளத்தைப் பார்த்துக் கொதித்துப்போனார். படைவீரர் அடக்கத்தில் ஊதும் இறுதி மரியாதை இசை, பொத்தானை அமுக்கினால் பதிவிலிருந்து வரும் எக்காளம் அது.

“கொரியப் போருக்குப் போனவரு. ஒன்பது பிள்ளைங்கள வளர்த்தவரு. அறுபது வருஷமா பூசை தவறாதவரு. அவருக்குப் போய் இந்தப் பொம்மையா? வெட்கமா இல்லையா உங்களுக்கு?”

“வேற வழியில்ல ஃபாதர்.”

“போன மாசம் உங்க சங்கத்து வில்மரோட அடக்கத்துக்கு ஒருத்தர் நிஜமாவே ஊதினாராமே. அந்த ஆளைக் கூப்பிட வேண்டியதுதானே? இவருக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்?”

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார்.

“இந்த வட்டாரத்துல ஊதத் தெரிஞ்சவர் அவர் ஒருத்தர்தான் ஃபாதர். நாப்பது வருஷமா எங்க ஆளுங்க அத்தனை பேர் அடக்கத்துக்கும் ஊதினாரு. இன்னிக்கு இந்தப் பெட்டிக்குள்ள படுத்திருக்காரு.”