சத்தம் குறையக் கூடாது

கான்சாபுரத்துப் பால்ச்சாமி, ராஜபாளையத்தில் இருக்கும் பென்சனின் பட்டறையில் ஒரு பழைய படகு எஞ்சினைக் கொண்டுவந்து இறக்கினார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

"கண்மாயில படகு விடப் போறீகளோ?" என்றார் டீக்கடைக்காரர்.

பென்சன் எஞ்சினைச் சுற்றி வந்து பார்த்தான். "ரீபோர் பண்ணி, பிஸ்டன் மாத்தி, புது சைலன்சர் போட்டுருவோம்ணே. பூனை மாதிரி ஓடும்."

பால்ச்சாமி பதறிப்போனார். "ஐயையோ, எஞ்சின் ஓடணும். ஆனா சத்தம் கொறையக் கூடாது. கொறைஞ்சா எம் பொண்டாட்டி கருத்தம்மா என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா."

"இந்தச் சத்தத்துக்கு யாருண்ணே பக்கத்துல வருவா?"

"அதான்ப்பா வேணும். போன வருசம் ஒருத்தன் சத்தமே இல்லாம அருமையா ரிப்பேர் பண்ணிக் குடுத்தான். மறுநாளே அவிய குடும்பத்தோட வந்து இறங்கிட்டாவ. அம்புட்டையும் தின்னு தீர்த்துட்டுத்தான் போனாவ."

"யாருண்ணே, மாமனார் வீட்டு ஆளுகளா?"

"மலையில இருந்து வார காட்டுப்பன்னிகப்பா! மக்காச்சோளத்துல ஒரு கருது மிச்சமில்ல. இந்த எஞ்சின் கெணத்துல தண்ணி எறைச்சுக்கிட்டு தடதடன்னு ஓடுனாத்தான் அதுக சோளக்காட்டை எட்டிப் பாக்காது."

பென்சன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"எங்க சர்ச்சுல பழைய குழாய் ஸ்பீக்கர் ஒண்ணு சும்மா கெடக்குண்ணே. சைலன்சருக்குப் பதிலா அதை மாட்டிருவோமா?"