ஆளுயர மாலை

இன்னொரு சால்வையும் விழுந்தது.

மேடையில் நின்றவர் கைகூப்பினார். சிரித்தார். மூச்சுதான் சரியாக வரவில்லை.

கழுத்தில் சுற்றிய பட்டுத் துண்டுக்கு அடியில், தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, மூச்சுக்குழாயில் ஒரு துளை. துளையில் சின்னதாய் ஒரு குழாய். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் சுவாசிப்பதெல்லாம் அதன் வழியேதான்.

"மூக்கு இனிமே கண்ணாடி மாட்டத்தான் சார்," என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

குரல்வளையில் கட்டி. மேல்வழி முக்கால்வாசி அடைத்துக்கொண்டது. குழாய் வாயை விரலால் மூடினால் ஒரு சொல் வெளியே வரும். மூன்று மணி நேரம் பேசி நாவேந்தர் பட்டம் வாங்கியவருக்கு மிச்சம் அவ்வளவுதான்.

'நன்றி' என்று வீட்டில் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

விஷயம் தெரிந்தது மனைவி கோமளவல்லிக்கு மட்டும். தினமும் அந்தக் குழாயைச் சுத்தம் செய்பவள். மேடையில் அவளுக்கு நாற்காலி கிடையாது. எந்த விழாவிலும் கிடையாது. முதல் வரிசையில் இருந்தாள்.

ஆளுயர ரோஜா மாலையை இருவர் தூக்கி வந்தார்கள். அவரே எழுதிக் கேட்ட உயரம்.

மாலை விழுந்தது. ஈரப் பாரத்தில் துண்டு துளையோடு ஒட்டிக்கொண்டது.

இழுத்தார். காற்று உள்ளே வரவில்லை.

கண் கலங்கியது.

"ஐயா நெகிழ்ந்துட்டாரு," என்றது ஒலிபெருக்கி. கைதட்டல்.

மாலையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற மன்றச் செயலாளர் கழுத்தில் போட்டார். அரை மூச்சு கிடைத்தது.

என்ன பெருந்தன்மை என்று மண்டபமே எழுந்து நின்றது. செயலாளர் விடுவாரா? பதறிப்போய் அதே மாலையைத் திரும்ப அவருக்கே போட்டு, நழுவாதபடி அழுத்தியும் விட்டார்.

உதடு நீலம் பாய்ந்தது.

கோமளவல்லி எழுந்தாள்.

வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். ஊருக்குத் தெரியக் கூடாது.

அவள் படியேறி வந்தாள். மாலையை அறுத்தாள். சால்வைகளை உருவி எறிந்தாள். கடைசியாகப் பட்டுத் துண்டை.

மைக் பக்கத்திலேயே இருந்தது. துளை வழியே காற்று புகுந்த சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. விசில் மாதிரி. மறுபடியும் ஒருமுறை.

யாரும் கைதட்டவில்லை.

வரிசையில் அடுத்து நின்றவர், விரித்த சால்வையோடு அந்தத் துளையையே பார்த்தார்.

"அண்ணே, இதை இப்ப எங்க போடறது?"

நாவேந்தர் நிதானமாக மூச்சை இழுத்தார். விரலால் துளையை மூடினார்.

"கோமளம்."